உப்புப் போடாத கீரை

கீரையில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் மங்கையர்க்கரசி இரண்டாவது கவளத்தோடு கையை நிறுத்தினாள்.

"நல்லாருக்கா டாக்டரம்மா?" என்று கேட்டாள் குஞ்சம்மாள். "இதுக்கு உப்பே போட வேணாம். ரெண்டு வருசமா வரப்புல புதுசா முளைக்கிது. பேரு யாருக்கும் தெரியல, ஆனா வாய்க்கு நல்லாருக்கு."

மங்கைக்குப் பெயர் தெரியும். உமரி. தடித்த சின்ன இலை, சிவந்த தண்டு. உப்பளத்து ஓரத்தில் வளரும், கழிமுகத்துச் சேற்றில் வளரும். உப்புத் தண்ணீர் எட்டாத மண்ணில் ஒரு அடிகூட எடுத்து வைக்காது. மேலநத்தமோ கடலிலிருந்து இருபது மைல் உள்ளே இருக்கிறது. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர். இங்கே உமரி முளைக்க வேண்டுமானால் யாரோ கடலைக் கொண்டுவந்து இங்கே கொட்டியிருக்க வேண்டும். மங்கை இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். வேண்டாம் என்று சொல்லும் துணிவு அப்போது அவளுக்கு வரவில்லை.

டாக்டரம்மா என்று ஊர் சொன்னாலும் அவள் பார்ப்பது பயிருக்குத்தான். கடலோரப் பயிர் ஆய்வகத்தில் மூத்த விஞ்ஞானி. குஞ்சம்மாளின் கணவர் சாமியப்பன்தான் போன் செய்து கூப்பிட்டிருந்தார். நட்ட பயிர் நுனி கருகுகிறது, தூர் கட்டவில்லை, பூச்சியும் இல்லை நோயும் இல்லை, வந்து பாருங்கள் என்றார். அவர் கூப்பிட்டால் ஆய்வகத்தில் யாரும் தட்ட மாட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

பெரும்புயலோடு கடல் உள்ளே வந்தபோது அலவன்காடு என்ற ஊர் மூழ்கியது. தண்ணீர் வடிந்தது, உப்பு வடியவில்லை. புல்கூட முளைக்காத அந்த மண்ணை விட்டு ஊரே கிளம்பி மேலநத்தத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கொஞ்சப் பேர், மாட்டுக்கொட்டகையில் கொஞ்சப் பேர், மற்றவர்கள் வீடு வீடாக. இப்படி இரண்டு வருஷம். சாமியப்பன் வீட்டில் தங்கியவர் வைரக்கண்ணு. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே வண்டியில் போய், கடைசியில் சாமியப்பன் மகள் சுகந்தியை வைரக்கண்ணு மகனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். அகதியாக வந்தவன் சம்மந்தியாகிவிட்டான் என்று ஊரே கேலி பேசியது. அந்தக் கேலியில் பெருமைதான் அதிகம்.

பிறகு மங்கையின் நெல் வந்தது. நெய்தல் பொன்னி. அலையாத்தி மரம் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை இலை வழியாக வியர்த்துத் தள்ளும். அந்தக் குணத்தை எடுத்து நெல்லுக்கு ஏற்றியிருந்தாள். உப்புச் சேற்றில் நெல் நின்றது, பூத்தது, மணி பிடித்தது. அலவன்காட்டுச் சனங்கள் ஊர் திரும்பினார்கள். அன்று மங்கைக்குப் போட்ட மாலை கழுத்தை அறுத்தது, அவ்வளவு கனம். அவள் வாழ்க்கையில் மிக நல்ல நாள் அதுதான் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து வயலுக்குப் போனார்கள். சாமியப்பன் உமரிச் செடி ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"கீரை தானா வந்ததுன்னு இருந்தோம். அதுல என்னம்மா தப்பு?"

"செடிக்குக் கால் கிடையாதுங்கய்யா, ஆனா பிடிவாதம் உண்டு" என்றாள் மங்கை. "உங்க கெணத்துச் சுவத்துல பாசி இருக்கு. அதுக்கு வேரே இல்ல, ஈரத்த ஒடம்பாலயே குடிக்கும். அத வெயில்ல வச்சா செத்துரும். பெரணி நெழலத் தேடும், சொட்டுத் தண்ணி வேணும். ஊசியிலை மரம் பனி பெய்யிற மலையில நிக்கும், நம்ம ஊரு சித்திரைய அது தாங்காது. கள்ளி தண்ணியச் சேத்து வச்சுக்கிட்டு பொட்டல்ல நிக்கும். ஒவ்வொண்ணும் தான் இருக்குற எடத்துக்கு ஒரு வித்தை கத்து வச்சிருக்கு. உமரி கத்தது உப்போட இருக்குற வித்தை. அது இங்க நிக்குதுன்னா இங்க உப்பு இருக்கு."

"எங்க ஊரு தண்ணி கல்கண்டும்மா."

தண்ணீர் கல்கண்டுதான். போர்வெல் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர் இரண்டிலும் உப்பு அளக்கும் கைக்கருவியை நனைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை. மண்ணில் குத்தினால் எண் எகிறியது. மேலிருந்து கீழே போகப் போகக் குறைந்தது. கடல் நிலத்தடியில் வந்திருந்தால் அடியில்தான் அதிகம் இருக்க வேண்டும். இது மேலே தூவியதுபோல் இருந்தது.

வயல் வயலாக நடந்தாள். எல்லாம் கருகல். நடுவில் ஒரே ஒரு வயல் மட்டும் கண்ணைப் பறிக்கிற பச்சையில் நின்றது. யாருடையது என்று கேட்டாள். சாமியப்பன் முகத்தைச் சுளித்தார்.

"தங்கராசுது. சுகந்தி கல்யாணப் பத்திரிகையில பேரு போட விட்டுப்போச்சு. அன்னைக்கு முறுக்கிக்கிட்டுப் போன மனுசன், அலவன்காட்டுக்காரங்க தொட்ட எதையும் வாங்க மாட்டேங்குறான். ஊருக்கே வைக்கோல் வருது, இவன் வீட்டு வாசல்ல மட்டும் எறக்க விட மாட்டான். வீம்பு பிடிச்ச பய. அவன் பயிரு மட்டும் எப்படி நிக்குதுன்னுதான் ஊரே வயிறெரியிது."

மங்கை நின்றுவிட்டாள்.

"வைக்கோலா?"

சாமியப்பன் பெருமையோடு சொன்னார். மேலநத்தத்தில் அறுவடை மிஷின் வைக்கோலை நொறுக்கிப் போட்டுவிடுகிறது. அலவன்காட்டுச் சேற்றில் மிஷின் இறங்காது. கையால் அறுப்பதால் அங்கே நீள வைக்கோல் கிடைக்கிறது. ஒவ்வொரு அறுவடைக்கும் சோறு போட்ட ஊர் என்று சொல்லி டிராக்டர் டிராக்டராக அனுப்பிவிடுவார்கள். காசு பேச்சே கிடையாது. அரிசி கொடுத்தால் இவர்கள் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்து வைக்கோலைக் கொடுக்கிறார்கள்.

"நம்ம மாடெல்லாம் சம்மந்தி வீட்டு வைக்கோல்னா உயிர விடும். வேற எத வச்சாலும் மூஞ்சியத் திருப்பும். தொட்டித் தண்ணிய ஒரே மூச்சுல காலி பண்ணும், சாணியும் நல்லாப் போடும். அம்புட்டும் வயலுக்குத்தான் போகுது" என்றார்.

வீட்டுப் பின்னால் வைக்கோல் போர் வீடு உயரம் நின்றது. அதன் அடியில் சுற்றிலும் உமரி தழைத்திருந்தது. மங்கை ஒரு தாளை உருவி நாக்கில் வைத்தாள். அது உப்பாக இருந்தது.

ஆய்வகத்தில் இது தெரியாத விஷயம் இல்லை. அரிசியில் உப்பு ஏறவில்லை என்று ஆயிரம் தடவை சோதித்தார்கள். இலையில் உப்பு படிகிறது என்பதும் தெரியும். இலையை யார் சாப்பிடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். எல்லாரும் நெல்லைச் சோறாகப் பார்த்தார்களே தவிர ஒருவரும் மாட்டின் பக்கம் நின்று பார்க்கவில்லை. செடி இடம் மாறாது என்று இப்போதுதான் வாய் கிழியப் பாடம் நடத்தினாள். செடிக்கு டிராக்டர் உண்டு, சம்மந்தி உண்டு, நன்றி உண்டு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. குற்ற உணர்ச்சி என்பது நெஞ்சில் வரும் என்பார்கள். அவளுக்கு அது அன்று நாக்கில் வந்தது, எத்தனை தண்ணீர் குடித்தும் போகவில்லை.

சாமியப்பனிடம் மண்ணைச் சோதித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

வழியிலேயே இயக்குநர் ரகோத்தமனுக்குப் போன் செய்தாள். ரகோத்தமன் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. முழுவதும் பொறுமையாகக் கேட்டார். வைக்கோல் என்று வெளியே வந்தால் நெய்தல் பொன்னியைத் தடை செய்துவிடுவார்கள், அலவன்காடு மறுபடி அகதி முகாமுக்குப் போகும், அதை யோசித்தீர்களா என்று கேட்டார். கடல் நிலத்தடியில் உள்ளே வருகிறது என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பழி இல்லை. உப்பான மண்ணுக்குத்தான் நம்மிடம் நெல் இருக்கிறதே, மேலநத்தத்துக்கும் அதே விதையைக் கொடுத்துவிடலாம் என்றார்.

"மேலநத்தத்து வைக்கோல் எங்க சார் போகும்?" என்று கேட்டாள் மங்கை.

பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே தொடர்ந்தாள்.

"அவங்களும் பொண்ணு குடுத்திருப்பாங்க சார். இன்னும் மேக்க. அந்த ஊரும் கருகும். அவங்களுக்கும் நாம விதை குடுப்போம். இப்படியே போனா காவிரி பொறக்குற மலை வரைக்கும் உமரி மொளைக்கும். நமக்கு நல்ல வியாபாரம்தான்."

கடைசி வார்த்தை அதிகப்படி. ஆனால் அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ரகோத்தமனே இறங்கி வந்தார். நெய்தல் பொன்னி அலை வந்து போகிற ஊரில் மட்டும் இருக்கட்டும், ஒரு வைக்கோல் தாள்கூட ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, மிச்ச வைக்கோலை அலையிலேயே விட்டுவிட வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொன்னார். அலவன்காட்டில் போய்ச் சொல்கிற வேலையை மட்டும் உங்கள் தலையில் வைக்கிறேன் என்றார். அது நியாயம்தான் என்று மங்கைக்கும் தோன்றியது.

அவள் போனபோது வைரக்கண்ணு வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். மேலநத்தத்துக்குப் போக வேண்டிய லோடு. அவள் சொல்லச் சொல்ல அவர் கை மட்டும் பழக்கத்தில் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தது. உமரி என்ற சொல்லைக் கேட்டதும் நின்றது.

"வரப்புலயா?"

"வரப்புல, போருக்கடியில, எருக்குழியச் சுத்தி. கீரைன்னு கடைஞ்சு சாப்புடுறாங்க."

வைரக்கண்ணு அந்தக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நன்றின்னு நெனச்சு வெசத்த ஏத்தி அனுப்பியிருக்கோம்."

"நீங்க இல்லண்ணே. நான்தான். மாட்டப் பத்தி நான் யோசிச்சிருக்கணும்."

"யாரா இருந்தா என்னம்மா, வண்டி எங்களுது."

வைரக்கண்ணு தடை, விதை, ஆய்வகம் எதைப் பற்றியும் கேட்கவில்லை. வைக்கோல் அத்தனையும் இனி அலைக்குத்தான் போகும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்.

"சாமியப்பண்ணன்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அவரு கோவப்பட மாட்டாரு. கோவப்பட்டாக்கூடத் தாங்கிக்குவேன். பரவால்ல சம்மந்தின்னு சிரிப்பாரு பாருங்க, அதத்தான் என்னால பாக்க முடியாது."

சொல்ல மாட்டேன் என்று மங்கை தலையாட்டினாள். ஜீப் அருகே சுகந்தி வந்து நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"அப்பாகிட்ட சொல்லிருங்க டாக்டரம்மா" என்றாள் மெதுவாக. "எருக்குழியில அத்தனையும் கெடக்கு. அடுத்த நடவுக்கு முன்னால அள்ளி வயல்ல அடிச்சிருவாரு. அதுக்கப்புறம் அந்த மண்ணு எந்திரிக்காது. நான் சொன்னேன்னு மாமாவுக்குத் தெரிய வேணாம்."

மகள் சொல்வதுதான் சரி. சொல்லாமல் இருந்தால் வயல் போகும், சொன்னால் வாக்குப் போகும். வாக்கு மறுபடி முளைக்காவிட்டாலும் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை என்று மங்கை மனதைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொண்ட பிறகும் அடுத்த வாரம் வரை அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மேலநத்தத்தில் சாமியப்பன் அவளைப் பார்த்ததும் முதலில் சாப்பிடச் சொன்னார். வேண்டாம், முதலில் பேச வேண்டும் என்று போருக்கு அருகே கூட்டிப் போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். என் நெல்தான் உப்பை வியர்க்கிறது, அது வைக்கோலில் ஒட்டிக்கொண்டு வந்தது, மாடு தின்று சாணியானது, சாணி வயலுக்குப் போனது. எருவை அள்ளாதீர்கள். இந்தப் போரைத் தொடாதீர்கள், ஆய்வகம் வண்டி வைத்து எடுத்துக்கொள்ளும். மூன்று நான்கு மழைக்காலம் நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் மண் திரும்பும், அதுவரை விளைச்சல் இருக்காது, தப்பு என்னுடையது.

சாமியப்பன் போரில் ஒரு தாளை உருவிக் கடித்தார். மென்றார். துப்பவில்லை.

"வைரக்கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா" என்றாள். அந்தப் பொய் சட்டென்று வந்தது, அதுவும் அவள் மற்ற தப்புகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

சாமியப்பன் மூச்சு விட்டார். முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப தெரிய வேணாம். நல்ல மனுசன், கேட்டா மறுபடி இந்த வாசப்படி ஏற மாட்டான். பொண்ணு அங்க இருக்கு. வைக்கோல் வந்தா வரட்டும், வாங்கிக்கிட்டு ஆத்துப் பக்கம் குழி வெட்டிப் பொதச்சிடுறேன். மாட்டுக்கு வெலைக்கு எதாவது வாங்கிப் போட்டுக்கிறேன்."

அவர் பேசி முடிப்பதற்குள் டிராக்டர் சத்தம் கேட்டது. வைரக்கண்ணுவே ஓட்டி வந்தார். பின்னால் மலைபோல் வைக்கோல். இந்த மனிதர் ஒரு வாரத்துக்கு முன்னால்தானே வைக்கோல் அத்தனையும் இனி அலைக்குத்தான் என்றார்.

"இந்தத் தடவ கொஞ்சம் முன்னாடியே அறுத்துட்டோம் சம்மந்தி" என்றார் வைரக்கண்ணு, மங்கை பக்கம் திரும்பாமலே.

"அதுக்கென்ன சம்மந்தி, எறக்குங்க. மாடு காத்துக்கிட்டுக் கெடக்கு" என்றார் சாமியப்பன், சிரித்துக்கொண்டே.

வைக்கோல் இறங்கியது. மங்கை ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தாள் குட்டையாக நொறுங்கியிருந்தது, மிஷின் அறுத்தது. அலவன்காட்டு வைக்கோலே இல்லை. வைரக்கண்ணு எங்கோ மேற்கே காசு கொடுத்து வாங்கி, சொந்த வயலில் விளைந்ததுபோல் கொண்டுவந்திருக்கிறார். கொடுக்கிற கை நின்றால் ஏன் என்று கேள்வி வருமே, அதற்காக. சாமியப்பனோ அதை விஷம் என்று புதைக்கப் போகிறார். புதைத்துவிட்டு மாட்டுக்கு வேறு வைக்கோலை விலைக்கு வாங்கப் போகிறார். ஒரே ஒரு வார்த்தை போதும், ஆனால் அதைச் சொன்னால் இரண்டு பேர் முகத்திலும் அறைந்த மாதிரி ஆகிவிடும். கையிலிருந்த பிடியை மங்கை குவியலிலேயே போட்டாள்.

மாடுதான் சொல்லியது. அவிழ்த்துவிட்டிருந்த செவலைப் பசு வழக்கம்போல் ஓட்டமாக வந்தது. வந்த வேகத்தில் வாயை வைத்தது, முகர்ந்தது, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனது.

சாமியப்பன் அதைப் பார்த்தார். குனிந்து ஒரு தாளை எடுத்துக் கடித்தார். நன்றாக மென்றார், உப்பைத் தேடுகிறவர்போல். பிறகு மங்கையை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வைரக்கண்ணு முதுகைக் காட்டிக்கொண்டு கடைசிக் கட்டை உதறிக்கொண்டிருந்தார்.

"நல்ல வைக்கோல் சம்மந்தி" என்றார் சாமியப்பன். "வெயில்ல வந்திருக்கீங்க. சாப்புட்டுத்தான் போகணும்."

பிறகு அடுப்படிப் பக்கம் வேகமாகப் போனார். மங்கையும் பின்னால் போனாள். குஞ்சம்மாள் கீரை கடைந்துகொண்டிருந்தாள்.

"அத எடுத்து உள்ள வையி" என்றார் சாமியப்பன் தணிந்த குரலில். "சம்மந்தி கண்ணுல படக் கூடாது. கத்திரிக்கா இருந்தா அவசரமா ஒரு கொழம்பு வையி."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டியை மூடினாள்.

வைரக்கண்ணு கால் கழுவ வாய்க்காலுக்குப் போனவர் வரப்பிலேயே நின்றுவிட்டதை மங்கை சன்னல் வழியே பார்த்தாள். அலவன்காட்டில் பிறந்தவருக்கு உமரியை யாரும் காட்ட வேண்டியதில்லை. குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கினார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, முகத்தைக் கழுவித் துடைத்து, சிரித்த முகமாக உள்ளே வந்தார்.

மூன்று பேருக்கும் இலை போட்டாள் குஞ்சம்மாள். சுகந்தி எப்படி இருக்கிறாள், மழை எப்போது வரும் என்று பேசினார்கள். இரண்டு வருஷமாக உப்பு ஜாடியைத் தொடாமல் கீரை கடைந்து பழகிய கை, அன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டது.

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஒருவரும் உப்புக் கேட்கவில்லை.